மேல் எது, கீழ் எது

சுனாமிக்கு அடுத்த வருடம், நானும் என்னோடு ஆராய்ச்சி செய்த நசீமாவும் கோவளம் பக்கம் ஒரு சதுப்பில் பிவிசி பைப்பை அடித்து இறக்கி மண்ணோடு உருவினோம். கடல் முன்பும் ஊருக்குள் வந்திருந்தால், அது விட்டுப்போன மணல் அடியில் இருக்கும். பக்கத்து மீனவர் குப்பத்தில் மீன் விற்கும் அக்காவும் அதைத்தான் கேட்டார்: "முன்னாடி வந்துகீதா சார்? ஸ்கூல திரும்ப அதே எடத்துல கட்றாங்களே."

பைப்பின் ஒரு நுனியில் ஸ்கெட்ச் பேனாவால் 'மேல்' என்று எழுதி, தாம்பரம் பஸ்ஸில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். கீழ்க்கட்டளை வீட்டில் இறக்கினால் எழுத்தைக் காணோம்.

"எது மேல்?" என்றாள் நசீமா.

உள்ளங்கையைக் காட்டினேன். மை முழுக்க அதில் இருந்தது.

"அறிவிருக்கா உனக்கு?"

மொட்டை மாடியில் பைப்பை நீளவாக்கில் அறுத்தோம். நடுவில் கறுப்புச் சேறு. இரண்டு நுனியிலும் கிளிஞ்சல் தூளோடு வெள்ளை மணல். எது போன வருடத்து மணல் என்று தெரியாமல் நான் முழித்தேன். நசீமா திட்டுவதை நிறுத்தினாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குடா."

அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு சேறும் படிவதற்கு முன்பே கடல் ஒருமுறை வந்து போயிருக்கிறது.

பிறகு சதுப்பு முழுக்கப் பைப் இறக்கினோம், இந்த முறை 'மேல்' என்று கத்தியால் கீறி. எல்லாவற்றிலும் அதே இரண்டு மணல். அந்தப் பைப்புகளை அக்காவே கலெக்டர் ஆபீஸுக்குத் தூக்கி வந்தார். ஸ்கூல் மேட்டில் எழும்பியது.

அன்று மை அழியாமல் இருந்திருந்தால், மேலே இருப்பது சுனாமி, கீழே இருப்பது பழைய கடற்கரையின் வெறும் மணல் என்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமலே எழுதிவிட்டுப் போயிருப்பேன்.