சின்னத்தாயியின் எனாமல் கோப்பை

கண்டோன்மென்ட்டை ஒட்டிய மர்பி டவுனில் இருந்த சின்னத்தாயி நாற்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மாலைப் பள்ளிக்கு வந்த மற்றப் பெண்கள் கையெழுத்துப் போடத் தெரிந்ததும் போதும் என்றிருந்தார்கள். இவள் மட்டும் தன் கதையையே எழுதப்போவதாகப் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள்.

“யாருக்கு எழுதுறீங்கக்கா?” என்று கேட்டாள் பாடம் சொல்லித்தரும் யசோதா.

“மௌரீனுக்கு.”

மௌரீன் வெள்ளைக்காரத் துரையின் மகள். பிறந்ததிலிருந்து ஏழு வயதுவரை அவளை வளர்த்தது சின்னத்தாயிதான். நாற்பத்தேழில் துரை குடும்பத்தோடு சீமைக்குக் கிளம்பியபோது, கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் அந்தக் குழந்தை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “ஆயா, நீயும் ஏறு” என்று தமிழில்தான் அழுதது. ஒன்பது வருஷமாகியும் அந்தக் குரல் இவளை விட்டபாடில்லை. வேறு பிள்ளையும் இவளுக்கு இல்லை.

“அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?”

“பேசத் தெரியும். யாராச்சும் வாசிச்சா புரிஞ்சுக்கும்.”

சீமையில் யார் வாசிப்பது என்று யோசித்தபடியே யசோதா பென்சிலைச் சீவிக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி யசோதா சொன்னாள். கேட்க வந்தவர்கள் எல்லாம் பங்களாக்களில் ஆயா வேலை பார்த்தவர்கள். மௌரீனின் முதல் பல், அம்மை கண்ட வாரம், அவளுக்குப் பிடித்த ரசஞ்சோறு, எல்லாம் வந்தது. துரைசானிகூடத் தங்கமான மனுஷியாக வந்துபோனாள்.

“எல்லாஞ் சரிக்கா,” என்றாள் அவர்களில் ஒருத்தியான சந்திரம்மா. “உன் கோப்பைய எங்க வச்சிருந்தாங்க? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறியே.”

“கொழந்தை கேட்டா வருத்தப்படும்.”

“இங்க உக்காந்து கேக்குறது நாங்கதானே?”

அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு கோப்பை இருந்தது. கறுப்பு வாய் பட்ட பாத்திரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது பங்களாச் சட்டம். குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்ட மட்டும் கறுப்புக் கை ஆகும். என்ன நியாயமோ, எந்தத் துரைசானியும் சொன்னதில்லை.

உள்ளதை எழுதினால் மௌரீன் மனசிலிருந்தும் போய்விடுவோமோ என்று சின்னத்தாயிக்கு வாரம் முழுக்கப் பயமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு புதுத் தாளோடு வந்து, சந்திரம்மாவைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தாள்.

“மௌரீன் கண்ணு, என் எனாமல் கோப்பை பின்பக்கம் நாய்த் தட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஒரு நாள் நீ அதுல தண்ணி குடிச்சிட்டே. உங்கம்மா உன்ன அடிச்சு, வாயைச் சோப்புப் போட்டுக் கழுவுனாங்க. ஏன் ஆயா அடிச்சாங்கன்னு என்னைக் கேட்டே. அன்னைக்கு எனக்குச் சொல்ல வாய் வரல. அது என் கோப்பைங்கிறதுக்குத்தான் கண்ணு. அந்த வீட்டுல அதுல வாய் வச்சது நானும் நீயும்தான்.”