ஆடு தெரிகிற லேப்டாப்

பெலிண்டா எந்த லேப்டாப்பையும் முதலில் திறக்கமாட்டார். பக்கவாட்டில் திருப்பி, மணப்பாறைச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவரைப் போல, மெமரி கார்டு நுழையும் துளையில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்ப்பார். பிறகு கழுத்தில் ஜெபமாலையோடு தொங்கும் பென்டிரைவைக் கழற்றிச் செருகி, அதிலிருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஓடவிடுவார். தன் கேமரா கார்டு ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, உதடு மட்டும் அசைய எண்ணுவார். பன்னிரண்டு எண்ணுவதற்குள், கார்டிலிருக்கும் ஒரு வெள்ளாட்டின் படம் திரையில் வந்தாக வேண்டும்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், முஜிபுர் ரஹ்மானின் பழைய லேப்டாப் கடையில், அந்தச் சனிக்கிழமை நான்கு லேப்டாப்பில் ஆடு வரவில்லை.

"இதுலயும் வரலீங்க பாய்."

"ஸ்லாட்டு நல்லாத்தான் இருக்குக்கா. விண்டோஸ்ல போடுங்க, ஆடு என்ன, குட்டியோட வரும்."

"வேணாங்க. லினக்ஸ்னா நாம சொல்லாம எதுவும் செய்யாது."

"அப்ப கார்டு ரீடர் தனியாத் தரேன், வெளியில சொருகிக்குங்க."

"பச்சைமலை பஸ்ல ஏறியிருக்கீங்களா நீங்க? அங்க கம்பியப் புடிச்சு நிக்கிற ஆளே நிக்க மாட்டான். வெளியில தொங்குற ரீடரா நிக்கும்?"

உறையூரில் ஓர் அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார் பெலிண்டா. மலை ஊர்களுக்குப் போய் விண்ணப்பங்களுக்கு முகப்படம் எடுப்பார். மலையிறங்கும் பேருந்திலேயே, லேப்டாப்பை மடியில் வைத்தபடி, படங்களைக் கார்டிலிருந்து மாற்றுவார். அதனால் சின்ன லேப்டாப்தான் வேண்டும். போன வருஷம் பாதி மாற்றும்போது பழைய லேப்டாப் தானாக அப்டேட்டில் இறங்கி, பேட்டரி தீர்ந்து, கார்டும் கெட்டுப்போனது. கேட்டால், "ஒரு நாள் பொழப்பு போச்சுங்க" என்பார், அவ்வளவுதான். திங்களன்று மலையில் முதியோர் உதவித்தொகை முகாம். அதற்குள் ஒன்று அமைந்தாக வேண்டும்.

எரிச்சலோடு முஜிபுர் அலமாரிக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்தார். பாகங்களுக்காகப் பிரிக்க வைத்திருந்தது. மூடியில் சாயம் உரிந்து, ஒரு கீலில் டேப் சுற்றியிருந்தது. ஏழு எண்ணும்போதே ஆடு வந்துவிட்டது.

பெலிண்டா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, இரண்டு முழங்காலையும் தூக்கித் தூக்கிப் போட்டார்.

"மலையெறங்க ஆரம்பிச்சாச்சு... இது மொத வளைவு..."

"டிக்கெட் எடுத்தாச்சாக்கா?"

"பேசாதீங்க பாய், பள்ளம் வருது."

ஆடு திரையிலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் பெலிண்டா விலையே கேட்டார்.

ஒரு மாதம் கழித்து சார்ஜர் வாங்க வந்த மலைக்காரர் தமிழ்மணி சொல்லித்தான் மீதி முஜிபுருக்குத் தெரிந்தது. போன வருஷம் படங்கள் அழிந்த அடுத்த வாரமே பெலிண்டா மலையேறி, வீடு வீடாகப் போய், எல்லோரையும் மறுபடி உட்காரவைத்து எடுத்திருக்கிறார். தமிழ்மணியின் அப்பா சின்னையனை மட்டும் எடுக்க முடியவில்லை; அதற்குள் அவரைப் புதைத்திருந்தார்கள். அந்த வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது, ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம்.