ரெண்டு கட்டைச் சுருதிக்கு ஒரு செல்லோ

1. ரிசப்ஷனில் கிடைத்த மார்க்

அப்போது எனக்கு மூன்று பிழைப்பு. வாரநாளில் கேரளத் தலைநகரை ஒட்டின கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு செல்லோ கிளாஸ். கூப்பிட்டால் ஸ்டுடியோ ரெக்கார்டிங். சனி, ஞாயிறு கல்யாண ரிசப்ஷனில் ஃப்யூஷன். ஒரு கீபோர்ட், ஒரு டிரம் செட், நடுவில் நான். பாதிப் பேர் பிரியாணி கியூவில் நிற்பார்கள், மீதிப் பேர் போட்டோ கியூவில் நிற்பார்கள். யாரும் கேட்கிறதில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

எங்கள் ஊர் களியக்காவிளைப் பக்கம். அப்பா சர்ச் கொயரை நடத்திக்கொண்டிருந்தார். யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன செல்லோ ஒன்று, ஆள் உயர வயலின் மாதிரி, பாதிரியார் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையில் கிடந்தது. பிள்ளைகளில் நான்தான் உயரம், அதனால் அதை என் தலையில் கட்டினார்கள். பதினைந்து வருஷம் ஞாயிறு தவறாமல் கொயருக்குக் கீழே பேஸ் லைன் வாசித்தேன். அப்புறம் சென்னையில் ஒரு டீச்சரிடம் முறையாக வெஸ்டர்ன் படித்தேன். கர்நாடக சங்கீதம் மட்டும் கேசட் கேட்டுக் கேட்டு நானாகப் பிடித்தது. அதை வெளியே சொல்ல மாட்டேன், வாசிப்பில் தானாகத் தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்துகொண்டவள் ஜெயலட்சுமி. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரி, என் வயசுதான். கர்நாடகப் பாட்டில் இந்த ஊரில் பெரிய பெயர். ஐந்தரைக் கட்டையில் பாடுவாள், மேல் ஸ்தாயிக்குப் போனால் ஹாலே நிமிர்ந்து உட்காரும். பெண்களுக்கே அது கொஞ்சம் உயரமான சுருதி. அன்றைக்கு ஒரு கல்யாணத்தில் நான் கல்யாணி ராகத்தை டிரம் செட்டோடு போட்டு விளாசிவிட்டு இறங்கினேன். கையில் ஐஸ்கிரீம் கப்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நன்னா இருந்துது. ஆனா அது கல்யாணி இல்லையாக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் குரலைக் கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை. பழைய குரல் இல்லை அது. தாழ்ந்து, கரகரத்து, ஒரு ஆண்பிள்ளையின் குரல் போல இருந்தது. கழுத்தில் செயினுக்கு மேலே ஆபரேஷன் தழும்பு.

2. அவள் கேட்டது

தைராய்டு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குரல் இறங்கிவிட்டது. எட்டு மாதம் பாடவே கூடாது என்றார்களாம். அதற்கப்புறம் வந்த குரலுக்கு ரெண்டு கட்டைதான் சௌகரியம். கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பாடுகிற சுருதி அது.

அடுத்த வாரம் என் பிளாட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன், ஆறவிட்டுக் குடித்தாள். கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சபாவில் அவளுக்கு வருஷா வருஷம் ஒரு கச்சேரி உண்டு. இந்த வருஷம் பழைய மரியாதைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் கொடுப்பது இந்தக் கச்சேரியைப் பார்த்துத்தான் என்று செக்ரட்டரி நயமாகச் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய விஷயம், அவளே ஒரு முடிவோடு வந்திருந்தாள். இது தேறவில்லை என்றால் பாட்டை விட்டுவிடுவது, கிளாஸ் உள்பட.

அவளுக்குப் பதினைந்து வருஷமாக வயலின் வாசிக்கிறவர் சங்கரன் சார். நல்ல கை, நல்ல மனுஷர். அவரை விட்டுவிட்டுப் பக்கவாத்தியத்துக்கு என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"சார்கூட ரெண்டு தடவை ரிகர்சல் பார்த்தேன். நான் கீழ பாடறேன். வயலின் மேல, என் பழைய குரல் இருந்த எடத்துலயே வாசிக்கறது. நான் செத்துப்போய் என் ஆவி பக்கத்துல நன்னா பாடறாப்ல இருக்கு, ஜாய்ஸே. என்னால கேக்க முடியல்லை."

ஆண்கள் பாடும்போதும் வயலின் ஒரு ஸ்தாயி மேலேதான் போகும், யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை. இவளுக்குத்தான் அது எமனாக வந்து நின்றது. செல்லோவோ, அவள் குரல் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிற வாத்தியம். சரி என்று சொல்லிவிட்டேன். சங்கரன் சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். சாரமில்லை, பரவாயில்லை, குரலுக்கு எது கொள்ளுமோ அதைச் செய் என்றாராம்.

3. பலகை, கம்பி, பழக்கதோஷம்

பக்கவாத்தியம் எனக்குப் புதுத் தொழில். இருந்தது ஒரே ஒரு மாதம்.

முதல் பிரச்சினை உட்காருவது. செல்லோவுக்கு நாற்காலி வேண்டும். அந்த சபாவிலோ பாடுகிறவரும் மேடைக் குத்துவிளக்கும் தரையில் இருக்கும்போது, பக்கவாத்தியம் நாற்காலியில் ஏறி உட்கார முடியாது. "அது நடக்காதும்மா" என்று செக்ரட்டரி ஒரே வரியில் முடித்துவிட்டார். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஆசாரியைப் பிடித்து, முக்கால் அடி உயரத்தில் ஒரு பலகை செய்தேன். செல்லோ தரையில் ஊன்றி நிற்கிற கம்பிக்காலை முழுக்க உள்ளே தள்ளி, காலை அகட்டி மடக்கி உட்கார வேண்டும். புடவையில் இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே சுடிதார் பேண்ட், மேலே புடவை, மடிப்புக்கு ஏழெட்டு சேஃப்டி பின். முதல் வாரம் முட்டி ரெண்டும் கெஞ்சிற்று.

அடுத்தது ட்யூனிங். C, G, D, A என்று இருக்கிற நாலு கம்பியில் C-யை D-க்கும் G-யை A-க்கும் ஏற்றினேன். ரெண்டு கட்டையில் D-தான் ஸ, அதனால் கீழிருந்து மேலே ஸ, ப, ஸ, ப என்று வந்துவிடும். ஏற்றின G கம்பி ரெண்டு அறுந்தது. மூன்றாவது கம்பி தாக்குப்பிடித்தது, அதற்கு இன்றைக்கும் நன்றி.

கடைசிப் பிரச்சினை நானேதான். கொயரில் நமக்கு வேலையில்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதே மாதிரி ஜெயா மூச்சு வாங்க நிறுத்தினால் நானும் வில்லை எடுத்துவிட்டு மரியாதையாகக் காத்திருப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன், மிருதங்கக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் பார்ப்பார். "நான் நிறுத்தற எடம்தான் உன் எடம். அங்க நீ போய்ட்டா நான் எங்க வந்து சேர்றது?" என்று கத்தினாள். கத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னது என்னால் வீணாயிற்று.

அது ஒரு வாரத்தில் சரியாயிற்று. சரியாகாதது இன்னொன்று. அவள் ஒரு ஸ்வரத்தை நீட்டினால் என் விரல் தானாக ரெண்டு படி கீழே போய் நிற்கும். சர்ச்சில் மேல் குரல் பாடுகிற ஸோப்ரானோ நீட்டினால் கீழே ஹார்மனி கொடுப்போமே, அதுதான். கர்நாடக சங்கீதத்தில் அப்படிப் போனால் ராகத்தில் இல்லாத ஸ்வரத்தில் போய் விழ வேண்டிவரும். சாம்பாரில் சீனி போட்ட மாதிரி. ஞாபகத்துக்கு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பிராக்டிஸ் செய்தேன். கச்சேரிக்கு நாலு நாள் முன்னால் அந்தப் பழக்கம் விட்டுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

4. கச்சேரி

ஹால் நிறைந்திருந்தது. பாதிப் பேர் பாட்டுக் கேட்க வந்தவர்கள், பாதிப் பேர் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள். சங்கரன் சார் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் இடத்தில் ஒரு களியக்காவிளைக்காரி, இடுப்பில் ஏழெட்டு சேஃப்டி பின்னோடு.

ஜெயா வாயைத் திறந்ததும் ஹாலில் ஒரு அசைவு. பின்வரிசையில் ரெண்டு பேர் காதோடு காதாகப் பேசியது மேடையிலிருந்தே தெரிந்தது. முதல் உருப்படி எப்படியோ ஒப்பேறியது. ரெண்டாவது ஹம்சத்வனி. அவள் மேல் ஷட்ஜத்தில் நின்று நீட்டினாள், அழகாக நின்றாள். என் விரல் போயிற்று பாருங்கள், ரெண்டு படி கீழே, தைவதத்துக்கு. ஹம்சத்வனியில் தைவதமே கிடையாது.

முன்வரிசையில் அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது. செக்ரட்டரி கண்ணை மூடிக்கொண்டார். ஜெயா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, அடுத்த சங்கதிக்குப் போய்விட்டாள். அதுவே எனக்குப் போதுமான தண்டனை. அவள் வாழ்க்கையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள், நான் அதைக் கீழே போட்டேன் என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம் மூன்று உருப்படிக்கும் அவள் நிழலை விட்டு ஒரு இம்மி நகரவில்லை நான்.

மெயின் உருப்படி மோகனம். ஆலாபனையை மெதுவாகக் கட்டிக்கொண்டு போனாள். கேட்கிறவர்களுக்குத் தெரியும், மோகனத்தில் மேலே காந்தாரத்தைத் தொடுகிற இடம் ஒன்று வரும், அதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். ஜெயாவின் மேல் காந்தாரத்துக்கென்றே ஒரு காலத்தில் நாகர்கோவிலிலிருந்து ஆள் வரும். வேண்டாம் ஜெயா, போகாதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போனாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

ரெண்டாவது தடவை போனாள். அப்போதும் காற்றுத்தான்.

இந்த இடத்தில் பக்கவாத்தியக்காரரின் கடமை என்ன என்று தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பாடுகிறவருக்கு எட்டாத ஸ்வரத்தை நாம் சட்டென்று வாசித்து நிரப்ப வேண்டும், சபைக்குக் குறை தெரியக்கூடாது. அந்தக் காந்தாரம் என் A கம்பியில் இருந்தது. என்னால் முடிகிற ஸ்வரம்தான். வில்லைத் தூக்கினேன், விரல் மேலே போகவில்லை. மறுபடி தப்பாக ஏதாவது வந்துவிட்டால்? அத்தனை தலையும் மறுபடி திரும்பினால்? பயத்தில் கை பிடிமானம் தேடி அடிக்கம்பிக்கு ஓடியது. அங்கே, ரெண்டு ஸ்தாயி கீழே, காந்தாரத்தை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தேன். பலகை அதிர்ந்தது.

ஜெயா திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மேலே போகாமல், நடு ஸ்தாயிக் காந்தாரத்துக்கு வந்து நின்றாள். அங்கிருந்து ரிஷபம், ஷட்ஜம். அதற்குக் கீழே மந்தர தைவதம். எந்தப் பெண் குரலும் அந்த ஹாலில் அந்த இடத்துக்கு இறங்கி நான் கேட்டதில்லை. கரகரப்பெல்லாம் அங்கே போனதும் கனமாக மாறிவிட்டது. அவள் இறங்க இறங்க நான் கூடவே இருந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. கால் மணி நேரம் கீழேயே பாடினாள். பின்வரிசைப் பேச்சு நின்றுவிட்டது. மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து அவளே மங்கலாகத்தான் தெரிந்தாள்.

5. கச்சேரிக்கு அப்புறம்

சங்கரன் சார் மேடைக்குப் பின்னால் வந்தார். ஜெயாவைச் சுற்றிக் கூட்டம், அதனால் நேராக என்னிடம் வந்தார். ஹம்சத்வனிக்கு வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"அந்தக் காந்தாரத்துல நான் இருந்திருந்தா மேல வாசிச்சிருப்பேன். அதானே முறை. வாசிச்சிருந்தா இவ நாளைலேர்ந்து பாடமாட்டா. நீ வாசிக்கல்லை. நன்னா இரும்மா" என்றார்.

பயத்தில் செய்தேன் சார் என்று சொல்ல வாய் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பலகையை எடுக்க ஜெயா வீட்டுக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு சபாவிலிருந்து தம்புராவுக்காகச் சுருதி கேட்கிறார்கள் என்று புரிந்தது. ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்தக் கேள்விக்கு, இப்போதைக்கு ரெண்டு கட்டை, குரல் திரும்பினதும் மாத்திக்கலாம் என்பாள். அவள் அப்படிச் சொல்வதை இந்த ஒரு மாதத்தில் நானே பல தடவை காதால் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, "என் சுருதி ரெண்டு கட்டை" என்றாள். போனை வைத்துவிட்டு, அடுத்த மாதம் ஃப்ரீயா என்று என்னிடம் கேட்டாள்.

அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அவளோடு வாசித்தாயிற்று. வேறு பாடகர்களும் கூப்பிட்டார்கள், வெளிநாடும் போனேன். பாடுகிறவருக்கு மேலே போகாமல் கீழே போய் நிற்கிற பாணி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பத்திரிகையில் புதுமை என்று எழுதினார்கள், மறுக்காமல் இருந்துவிட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: கூட வாசிக்கிறவருக்கு இப்போது எது முடிகிறது என்று பாருங்கள், முன்னால் எது முடிந்தது என்று பார்க்காதீர்கள். அதைக் கற்றுக்கொடுத்தவள் ஜெயா. என் தப்பான கையை நம்பி அவள் அடியெடுத்து வைத்திராவிட்டால் அந்தச் சத்தம் இன்னொரு பிசகாகத்தான் போயிருக்கும். இத்தனை வருஷம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். நான் பயந்துதான் கீழே இறங்கினேன். துணிந்து இறங்கினவள் அவள்.