கலியமூர்த்தி வயலின் வடிகால்

பால் பிடித்த நெல்லைக் கிள்ளிப் பல்லிடுக்கில் வைத்து நசுக்கினால் நாக்கில் லேசாக ஒரு தித்திப்பு இறங்கும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த மார்கழியில் எங்கள் வயலில் எந்தக் கதிரைக் கிள்ளினாலும் வெறும் உமிதான் தொண்டையில் குத்தியது. அத்தனையும் 'பதர்'.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் வாய்க்காலின் கடைசி வயல் எங்களுடையது, அதற்கு மேல் வயல் கலியமூர்த்தியுடையது. கதிர் வரும் நேரத்தில் 'முறைத்தண்ணி' விட்டபோது, எங்கள் முறையன்றும் வாய்க்காலில் வைக்கோலும் சேறும் போட்டு அடைத்துத் தன் வயலுக்கே பாய்ச்சிக்கொண்டான். பெரியவரை 'அவன்' என்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், இன்றைக்கும் எனக்கு 'அவர்' வாயில் வரவில்லை. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார், நியாயம் கேட்கப் போன அம்மாவிடம், "பொம்பள வந்து பேசுற பேச்சா இது? போங்க, போங்க" என்று சொல்லிவிட்டுப் பல் குத்திக்கொண்டு நின்றான். சொந்த நிலம் இருந்தும் அந்த வருஷம் ரேஷன் அரிசி தின்றோம். மறப்போம் மன்னிப்போம் என்று எழுதுகிறவர்கள் யாரும் உமியை மென்றிருக்க மாட்டார்கள்.

கடைமடைக்காரருக்கும் ஒரு காலம் வரும், அதற்குப் பெயர் ஐப்பசி. அவன் வயலில் தேங்கும் மழைத் தண்ணீர் எங்கள் வயலோரத்து வடிகால் வழியாகத்தான் ஆற்றுக்குப் போயாக வேண்டும். வடிகால் எங்கள் பக்கம் இருந்ததால் அதில் மண்டும் ஆகாயத்தாமரையை அறுத்துத் தள்ளுவது வருஷாவருஷம் அம்மாவின் வேலை. எங்கள் வயல் வடிவதற்கு வேறு மடை உண்டு. ஆகவே எந்தப் பாவமும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், அவன் நடவு அழுகிவிடும். நான் அந்த மழைக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. அவன் வயலில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்த ஒரு காலையில் அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, அரிவாளோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வரப்பில் நின்று ஆத்திரத்தில் அழுதேன்: "விடும்மா, அழுகட்டும்!"

"அவன் நல்லாயிருக்கணும்னா அறுக்குறேன்? கோவம் வாயோட போவட்டும், கையில எறங்கக் கூடாது" என்றாள் அம்மா. வாயோடு என்றால் சாதாரணமாக இல்லை. "கட்டையில போறவனே, ஒன் வாயில மண்ணு விழ" என்று ஒவ்வொரு வசவுக்கும் ஒரு கொத்தாக அறுத்துத் தள்ளினாள்.

அப்போதுதான் கலியமூர்த்தியின் மனைவி ருக்குமணி அரிவாளோடு ஓடிவந்து பக்கத்தில் இறங்கினாள். அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க? இன்னும் நல்லாத் திட்டுங்க. வீட்டுக்குள்ள என்னால முடியல, எனக்கும் சேத்துத் திட்டுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டே அறுத்தார்கள். தண்ணீர் நகர்ந்தது, அவன் பயிர் பிழைத்தது. எனக்குத்தான் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அடுத்த முறைத்தண்ணி வந்ததும் அவன் வழக்கம்போல அடைத்தான். ருக்குமணி மண்வெட்டியோடு வந்து, ஊர் பார்க்க, புருஷன் கண்ணெதிரே அந்த அடைப்பை வெட்டிவிட்டாள். "அவங்க முறை, அவங்களுக்குப் போவட்டும்" என்றாள். அவன் பல் குத்த மறந்து நின்றான். நான் கேட்ட பழி அது இல்லை, ஆனால் அந்த வருஷம் எங்கள் கதிரில் பால் இருந்தது.

சாகும்வரை அவன் ஒரு வார்த்தை வருந்திச் சொல்லவில்லை. நானும் மன்னிக்கவில்லை. அம்மாவும் ருக்குமணியும்கூட இப்போது இல்லை. அவன் வயலை வாங்கிய புது ஆளுக்கும் அதே புத்தி. போன மார்கழியில் என் முறைத்தண்ணியை அடைத்தான்.

இந்த ஐப்பசியில் அவன் நடவு மூழ்கியது. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வேடிக்கை பார்க்கப் போகிறவளுக்கு அரிவாள் எதற்கு என்று வடிகாலில் இறங்கிய பிறகுதான் தோன்றியது. அம்மாவின் வசவுகள் ஒன்றுவிடாமல் நினைவிருந்தன. அத்தனையையும் சொல்லிச் சொல்லி அறுத்தேன். இன்னும் திட்டுங்கக்கா என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.