பத்து நிமிஷம் மிச்சம் பிடித்தவர்

ஓசூர் சிப்காட்டில் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவர் திருநெல்வேலிக்காரர். ஒல்லியான ஆள், கண்ணாடியில் எப்போதும் எண்ணெய்ப் புகை படிந்திருக்கும். இரண்டு முறை மாட்டிக் கடைய வேண்டிய பீஸை ஒரே மாட்டலில் முடிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டார்கெட்டை முடித்துவிட்டு, ஷிப்ட் முடியும் சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கேன்டீன் காயின் போனுக்கு நடப்பார். ஊரில் அடுத்த வீட்டுப் போனருகே அவர் மனைவி காத்திருப்பார். சங்கு ஊதிவிட்டால் போனுக்குப் பெரிய வரிசை.

"யோசனைப் பெட்டியில எழுதிப் போடுங்கண்ணா, பரிசா குக்கர் தருவாங்க" என்றேன் ஒருநாள்.

"குக்கரும் தருவான், டார்கெட்டையும் ஏத்துவான்வே. குதிரை ஓடுதுன்னா புல்லா போடுவான்? இன்னொரு மூட்டையைல்லா ஏத்துவான்!"

அந்தச் சொலவடையை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

பிறகு நான் சூப்பர்வைசர் ஆனேன். உற்பத்தி ஏன் கூடவில்லை என்று மீட்டிங்கில் நெருக்கினார்கள். நான் அவர் வழியைச் சொல்லிவிட்டேன். டார்கெட் ஏறியது, அவர் சங்கு வரைக்கும் மிஷினிலேயே நின்றார்.

திட்டுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன். பீஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"இனிமே ஞாயித்துக்கிழமைதான் பேச முடியும்னு அவகிட்ட சொல்லிட்டேன்வே. ஆனாலும் தினமும் அந்தப் போன் பக்கத்துல போய் உக்காருதாளாம்."