சாவியைத் தபாலில் போட்டவள்

பிப்ரவரி 19 – 6.20
பிப்ரவரி 26 – 11.75
மார்ச் 7 – 4.00
மார்ச் 15 – 3.50

நானும் என் மனைவியும் முதுகுப்பை மாட்டிக்கொண்டு வெளிநாட்டில் சுற்றியபோது அவள் தபாலுக்குக் கொடுத்த பணம் இது. சாப்பாடு, படுக்கை, பேருந்துக் கணக்கெல்லாம் தனியே இருக்கிறது. அவளைப் பற்றிச் சொல்ல இந்த நான்கு வரி போதும்.

தபால் பிரிக்கும் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். உறையைக் கண் படிப்பதற்குள் கை அதை அந்த ஊருக்கான மரத்தட்டில் எறிந்திருக்கும். தெருவில் அவளுக்குத் தபாலம்மா என்றே பெயர். "விலாசம் சரியா இருந்தா தபால் தொலையாது" என்பது அவள் வேதவாக்கு. ஓய்வு பெற்ற மாதம், "ஊரு ஊரா லெட்டரை அனுப்பினேன், நான் ஒரு ஊருக்கும் போகலையே" என்றாள். கிளம்பிவிட்டோம்.

முதல் வாரமே பை தோளை அறுத்தது. நான் கிடங்கில் இருப்புப் பதிவேடு எழுதியவன். எதையும் தூக்கிப்போட மனம் வராது. அவள் ஊருக்கு ஊர் தபால் நிலையத்தைத் தேடிப் பிடித்து, வேண்டாததை எங்கள் வீட்டுக்கே அனுப்பினாள். முதலில் என் கம்பளித் தொப்பி. அடுத்தது டார்ச் லைட்டும் வரைபடங்களும். அப்புறம் நான் எழுதி முடித்த நோட்டு.

"எழுதறது நீங்க, சுமக்கறது நானா?" என்றாள்.

மார்ச் 15 அன்று ஒரு பேருந்து நிலையத்தில் என் சட்டைப்பையில் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். "வீட்டுச் சாவி இதுலயா இருக்கு? குடுங்க." உறையில் வைத்து ஒட்டி, விலாசம் எழுதி, மூன்றரைக்குத் தபால்தலை வாங்கிப் போட்டு, அங்கிருந்த தபால் பெட்டியில் சேர்த்தாள். புத்திசாலித்தனம் என்றுதான் எனக்கும் பட்டது.

ஊர் திரும்பி, வாசலில் பையை இறக்கிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதல் மூன்று தபாலையும் எதிர்வீட்டுத் தையல்காரர் வாங்கி வைத்திருந்தார். சாவி வரவில்லை.

"மாத்துச் சாவி எங்கங்க?"

"பீரோவுல. பேர் எழுதி, சீட்டு ஒட்டி, பத்திரமா இருக்கு."

"பீரோ எங்க?"

"உள்ள."

அவள் சிரித்த சிரிப்பில் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்ன தபாலம்மா, உங்க லெட்டர் உங்களுக்கே டிமிக்கி குடுத்துடுச்சா?" என்றார். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

தெருமுனை லாட்ஜில் அறை எடுத்தோம். சாயங்காலம் பழக்கதோஷத்தில் பையை மாட்டிக்கொண்டு சொந்த ஊரையே சுற்றினோம்.

"இந்த ஊர்ல பாக்க என்னங்க இருக்கு?"

"ஒரு வீடு இருக்கு. பழசு. உள்ள விட மாட்டாங்க."

தினமும் தபால் வரும் நேரத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஐந்தாம் நாள் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து செருப்பு வாரை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"பூட்டுக்காரரைக் கூப்பிட்டுடுங்க. தபால் வரலைன்னு வந்து கேட்டவங்க எத்தனை பேரைத் தொலையாது, தொலையாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்கல்லாம் இப்படித்தானே வாசல்ல நின்னிருப்பாங்க?"

ஆள் அனுப்பிவிட்டு வீட்டு வாசலுக்குப் போனோம். பூட்டுக்காரர் வந்தார். பூட்டைப் புரட்டிப் பார்த்து, "ஒரே தட்டு சார்" என்று சுத்தியலை எடுத்தார். அவள் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெறும் பூட்டை உடைக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. வந்ததற்கான கூலியை அவர் கையில் வைத்தேன்.

"வேணாம்ப்பா. சாவி வந்துட்டிருக்கு."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பூட்டு நல்லா இருக்கான்னு பாக்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவள் என்னை முறைத்தாள். "பைத்தியமா உங்களுக்கு? இன்னும் எத்தனை நாள் லாட்ஜுக்கு அழுவீங்க?"

"விலாசம் யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப வரும்."

என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "சரி, இன்னிக்கு எந்தப் பக்கம் போறோம்?"

சாவி வைத்த உறை வந்து சேர்ந்த தேதி: ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை.