பின்சீட்டில் ஒரு 'நீ'

கார் ஓட்டப் படிப்பிக்கிற எங்களுக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு; பின்சீட்டிலிருந்து பேசுகிறவர்களை நிறுத்த அது உதவாது. லண்டன் எட்மண்டன் ரவுண்டபவுட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த மாஸ்டர்மாருக்கும், பிள்ளைகளிடம் மரியாதை கேட்டு அலுத்த அப்பாமாருக்கும் இது விளங்கும்.

யார் அந்தக் கோச்?

லின் சீனாவின் செங்டுவிலிருந்து வந்தவள். லண்டனில் வங்கி வேலை. முதல் நாள் ரவுண்டபவுட்டை நெருங்கும்போது, "கோச் இடப்பக்கம் திருப்பச் சொல்லுறாரோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். காரில் நாங்கள் இரண்டு பேர்தான். திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தேன். ஆளில்லை.

கோச் நான்தானாம். சீனாவில் படிப்பிக்கிறவரோடு பேசும்போது முகத்துக்கு நேரேயும் தொழில் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்களாம். இது எனக்குப் புரிவதற்குள் ரவுண்டபவுட் கடந்துவிட்டது. "கோச் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் நேர போயிட்டன்."

பெற்ற தகப்பனை

அவளைப் பார்க்க வந்திருந்த அப்பா ஒருநாள் பின்சீட்டில் ஏறினார். எழுபது வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரிடம் அவள் ஏதோ சொன்னாள். என் காதில் விழுந்தது "நீ" மட்டும்தான். சீனத்திலும் அதற்கு அதே பொருள்தான் என்று அவள் சொன்னாள். பெற்ற தகப்பனை, அதுவும் ஒரு வாத்தியாரை! என் மகள் ஆரணி எட்டு வயதில் ஒருதரம் என்னை "நீ" என்றதற்கு வீடு அதிரச் சத்தம் போட்டவன் நான்.

மரியாதைச் சொல்லே உங்களிடம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு, 'நின்'. எங்கட வீட்டில அது முன்பின் தெரியாத ஆக்களுக்கு. அப்பாவை ஏன் தள்ளி வைக்கோணும்?"

அந்தச் சொல்

அப்பா திரும்பிப் போக இரண்டு கிழமை இருக்கும்போது காரிலேயே சண்டை வந்தது. ஊருக்கே வந்துவிடு என்று அவராம். மாட்டேன் என்று அவளாம். சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்து மெதுவாக ஒரு வசனம் சொன்னாள். அதில் "நின்" இருந்தது. மனுசன் அடிவாங்கியவர் மாதிரி வெளிறி, அடுத்த பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்டேன்.

"'நீங்கள் சொல்லுறது சரி' எண்டு மட்டும்தான் சொன்னன், கோச்."

ஹீத்ரோ

டெஸ்ட் பாஸான மறுநாள் அப்பாவுக்கு விமானம். மோட்டர்வே பயம் என்று என்னையும் கூட்டிப்போனாள், என் காரில்தான். அந்த இரண்டு கிழமையும் வீட்டில் "நின்"தானாம். விமான நிலையத்தில் காரை நிறுத்தியதும் அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டார்.

திடீரென்று லின் இறங்கி ஓடிக் கத்தினாள். "நீ" என்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கிழவர் பெட்டியைக் கைவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் விம்மி அழுதார்.

திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கோச்சின்ர மகள் கோச்சை என்னெண்டு கூப்பிடுறவள்?"

அன்றைக்கு ஒரு "நீ"க்கு நான் போட்ட பிரேக்கில் வீட்டில் தமிழே நின்றுபோய், பன்னிரண்டு வருடமாக ஆரணி என்னை "யூ" என்றுதான் கூப்பிடுகிறாள்.